ஆண்கள் பக்கத்து மைக்

மாத்தாலேவா, வவாவு தீவு
ஆகஸ்ட் 15, செவ்வாய்

செமிசிக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஆண்களைத் தவிர. அவர்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான்.

போன் பண்ணாமல் ஏன் மின்னஞ்சலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சரி சரி, பாத்துக்கலாம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். போன அறுவடையோடு திரும்பி வருவேன் என்றதும் அப்படி ஒரு சிரிப்போடுதான். எழுத்தில் சிரித்துத் தப்பிக்க முடியாது.

விஷயம் இது. புதுக் கோயில் பிரதிஷ்டைக்காக நம் பாடகர் குழு நான்கு மாதமாக ஒரு பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு நிமிடப் பாட்டு. போன ஞாயிறு ஆராதனையில் முதல்முறையாகப் பாடினார்கள். எப்போதும்போலப் பதிவு செய்தோம். எப்போதும்போல நேற்றுத் திங்கள் காலை பதிவை நம் வானொலியின் கம்ப்யூட்டரில் போட்டு, நீ எழுதி வைத்துப் போன நிரலை ஓட்டினேன். அது ஃபைலைச் சுருக்கி ஒலிபரப்புக்குத் தயாராக்கிக் கொடுத்தது. மாலையில் ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

பாட்டு வந்தது. பெண்கள் மட்டும் வந்தார்கள். ஆண்கள் இடிபோல இறங்க வேண்டிய இடத்தில், எட்டு வீடு தள்ளி யாரோ வயிற்று வலியில் முனகுவதுபோல ஒரு சத்தம். நாற்பது ஆண்கள், செமிசி. எங்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை தும்மியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அடிக்குரல் வரிசைக்குத் தலைவர் யார் என்று உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. என் அண்ணன் மோசேசே. உன்னை அந்த வரிசையிலிருந்து எழுப்பிவிட்டவர். அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்.

மரியாதையுடன்,
லோசலினே


ராபின்வேல், ஆஸ்திரேலியா
ஆகஸ்ட் 16

அன்புள்ள லோசா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் ஆரஞ்சு மரத்தடியில் படித்தேன். தும்மின குழந்தையை நினைத்துச் சிரித்ததில் ஏணியில் இருந்தவன் இறங்கி வந்து "என்னடா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டான். (இது எழுத்தில் சிரிப்பது. முடிகிறது பார்.)

என் நிரல்மேல் பழி போடாதே. இரண்டு வருடமாக ஒரு நாளும் தப்பாக ஓடியதில்லை. கோயிலில் இரண்டு மைக் இருக்கின்றன. பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்று. ஆண்கள் பக்கத்து வயரை எலி கடித்திருக்கும். இல்லாவிட்டால் உன் அண்ணன் அந்த மைக்கின்மேல் உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்தால் எந்த மைக்கும் பிழைக்காது.

வயரைப் பார்.

அன்புடன்,
செமிசி


மாத்தாலேவா
ஆகஸ்ட் 18, வெள்ளி

செமிசிக்கு,

வயரைப் பார்த்தேன். எலி இல்லை. பதிவு அட்டையில் இருக்கும் மூல ஒலியைக் காதில் மாட்டிக் கேட்டேன். வலது காதில் நாற்பது ஆண்களும் இருக்கிறார்கள், மூச்சு வாங்குவதுவரை. ஆக, உன் நிரலுக்குள் போகும்போது சபை முழுசாகப் போகிறது. வெளியே வரும்போது பெண்கள் மட்டும் வருகிறார்கள். நடுவில் ஆண்களை என்ன செய்கிறாய்?

அண்ணன் நேற்றுப் பேசினார். என்னிடம் இல்லை. நம் தீவு வழக்கத்தில் ஒரு அண்ணன் தன் தங்கையிடம் நேருக்கு நேர் கடுஞ்சொல் பேசலாமா? அவர் மானஸ்தர். வேலி ஓரத்து ஈரப்பலா மரத்தடிக்கு வந்து நின்று, நம் வெள்ளைப் பன்றியிடம் பேசினார். நான் உள்ளே சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"ஏ பன்னி, உன்கிட்டதான் சொல்றேன். நான் யார்கிட்டயும் சண்டைக்கு வரல. ஆனா ஒரு ரேடியோ, நாப்பது ஆம்பளைங்க தொண்டை கிழியப் பாடினத முழுங்கிட்டு ஏப்பம்கூட விடாம உக்காந்திருக்கு. அத நடத்துறவங்களுக்கு யாராச்சும் எடுத்துச் சொல்ல வேணாமா? நீயே சொல்லு."

பன்றி உறுமியது. "ஆங், உனக்குத் தெரியுது" என்றார்.

போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தார். "இன்னொண்ணும் கேட்டுக்க. ஒருத்தன் சுருதி சேரலன்னு வரிசைலேர்ந்து எழுப்பினேன். அதுக்காக எல்லா ஆம்பளைங்க வாயையும் அடைக்கிற மாதிரி மெஷின்ல எழுதி வெச்சுட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டான்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நான் சொல்லல. ஆம்பளைங்க கூடி காவா வேர்ச்சாறு குடிக்கிற கொட்டகைல பேசிக்கிறாங்க."

இப்போது புரிகிறதா? ஊர் இதை எலியின் வேலை என்று நினைக்கவில்லை. உன் பழிவாங்கல் என்று நினைக்கிறது. ரேடியோவில் முழுசாக வரும்வரை ஆண்கள் வாய் திறக்கப்போவதில்லையாம். பிரதிஷ்டை செப்டம்பர் 17. எல்லாத் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பாட்டில் பாதியை நாங்கள் எப்படிப் பாடுவது?

உன் மனைவி (பதிவேட்டின்படி),
லோசலினே


ராபின்வேல்
ஆகஸ்ட் 19

அன்புள்ள லோசா,

பழிவாங்க வேண்டுமென்றால் உன் அண்ணனின் படகில் ஓட்டை போட்டிருப்பேன். நாற்பது பேர் வாயை அடைக்க நிரல் எழுதுகிற அளவுக்கு எனக்குப் பொறுமை ஏது?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்த நிரலைத் திற. பயப்படாதே, பார்த்தால் கடிக்காது. அதில் பெண்கள் பக்கத்து மைக்கைப் பற்றி ஒரு விதி வரும். அது என்ன சொல்கிறது என்று அப்படியே எழுதி அனுப்பு. என்னிடம் நகல் இல்லை.

பன்றிக்கு என் வணக்கம்.

செமிசி


மாத்தாலேவா
ஆகஸ்ட் 22, செவ்வாய்

செமிசிக்கு,

முதலில் ஞாயிற்றுக்கிழமையைக் கேள். ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். நன்றாக உடுத்தி, கோயிலுக்குக் கட்டுகிற மரியாதைப் பாயை இடுப்பில் கட்டி, எண்ணெய் தேய்த்து வந்தார்கள். தங்கள் வரிசைகளில் உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து நின்று, புத்தகத்தைப் பிரித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்கள். நாற்பது மீன்கள்கூட வாயைத் திறந்து மூடும், இவர்கள் அதையும் செய்யவில்லை. போதகர் தனியாக ஆண்களின் பகுதியைப் பாட முயன்றார். பாவம், நல்ல மனிதர். ஆனால் கடவுள் அவருக்குக் குரலைக் கொடுக்கும்போது வேறு வேலையாக இருந்திருக்கிறார். என் பக்கத்தில் நின்று பாடும் ஹெலீனா சிரிப்பை அடக்க முடியாமல் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டாள். அது தெரிந்து ஆண்களுக்கு இன்னும் கோபம்.

இப்போது உன் விதி. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எனக்குப் புரிந்தது இது:

ஃபைலின் பெயர் பிரசங்கம் என்று ஆரம்பித்தால், அல்லது ஃபைலின் நீளம் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால், பெண்கள் பக்கத்து மைக்கை மட்டும் எடு. இல்லையென்றால் இரண்டு பக்கத்தையும் கலந்து ஒன்றாக்கு.

செமிசி, பொய் சொல்லமாட்டேன். இதைப் படித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆண்கள் பக்கத்தைத் தூக்கிப் போடு என்று நீ உண்மையாகவே எழுதியிருக்கிறாய். எதற்கு? எந்தக் காரணத்துக்காக ஒரு மனிதன் பாதி கோயிலை வெட்டி எறிவான்? மேலே கீழே தேடினேன். ஒரு வரி விளக்கம் இல்லை.

ஊர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

லோசலினே


ராபின்வேல்
ஆகஸ்ட் 23

அன்புள்ள லோசா,

தலையில் அடித்துக்கொண்டேன். ஆரஞ்சு பறிக்கிற கையுறையோடு அடித்துக்கொண்டதால் வலிக்கவில்லை. அது மட்டும்தான் நல்ல செய்தி.

தப்பு என்னுடையதுதான். நான் நினைத்தது: பிரசங்கமாகவும் இருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஆண்கள் பக்கத்தை விட வேண்டும். ஆனால் எழுதியது 'அல்லது'. அதனால் இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே வெட்டிவிடுகிறது. இரண்டு வருடம் இது வெளியே தெரியவில்லை, ஏனென்றால் நம் சபையில் பத்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பாட்டும் இருந்ததில்லை. இப்போது பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நிரல் அதன் நீளத்தை மட்டும் பார்த்தது. பாட்டா பிரசங்கமா என்று கேட்கவே இல்லை.

சரிசெய்வது சுலபம். அந்த 'அல்லது' ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. அதை எடுத்துவிட்டு, 'இரண்டும்' என்று பொருள் வரும் மூன்றெழுத்தைப் போடு. அவ்வளவுதான். சேமித்துவிட்டு ஓட்டு. ஆண்கள் திரும்பி வருவார்கள்.

ஆனால் லோசா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், விதியையே அழித்துவிடாதே. பிரசங்கத்துக்கு அது வேண்டும். ஏன் என்று கேட்காதே. உன்னிடம் சொல்லக்கூடாத விஷயம். யாரிடமும் சொல்லலாம், உன்னிடம் மட்டும் கூடாது.

உன்,
செமிசி


மாத்தாலேவா
ஆகஸ்ட் 25, வெள்ளி

செமிசிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதி அழித்தேன். இது நான்காவது, கொஞ்சம் ஆறிப்போனது.

"ஏன் என்று கேட்காதே." உன்னோடு வாழ்ந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அண்ணன் உன்னை வரிசையிலிருந்து எழுப்பினார். நீ ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மறுநாள் பழம் பறிக்கப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்தாய். ஏன்? கேட்காதே. ஒரு அறுவடை என்றாய், இரண்டாயிற்று. ஏன்? சிரித்தாய். நான் நிறையப் படிக்கிறவள், செமிசி. எந்தக் கதையிலும் ஒருவன் காரணம் இல்லாமல் வீட்டை விட்டுப் போவதில்லை. நீ போனாய். காரணத்தை நானே உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் எழுதிக்கொண்ட காரணங்கள் எதுவும் நன்றாக இல்லை.

ஆகவே உன் விதியை அழித்துவிட்டேன், முழுசாக. இனி எந்த ஃபைலாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கலந்து வரும். ஆண்களும் பெண்களும் எல்லா இடத்திலும் சேர்ந்து இருப்பார்கள். திங்களன்று அந்தப் பழைய பாட்டையே மறுபடி போடுகிறேன், பிறகு ஞாயிறு பிரசங்கம். ஆண்கள் கேட்பார்கள், வாய் திறப்பார்கள், பிரதிஷ்டை நடக்கும். நீ உன் காரணத்தை ஆரஞ்சுப் பெட்டியில் வைத்து ஏற்றுமதி செய்துகொள்.

லோசலினே


மாத்தாலேவா
ஆகஸ்ட் 29, செவ்வாய்

செமிசி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதியே ஆகவேண்டும்.

நேற்று மாலை பாட்டைப் போட்டேன். முழுசாக வந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காவா குடிக்கும் கொட்டகையிலிருந்து ஆண்கள் கூவியது வானொலி அறைவரை கேட்டது. வெற்றி என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு பிரசங்கம் ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு போதகரின் குரலுக்கு அடியில் ஒரு சத்தம். படகு எஞ்சினோ என்று நினைத்தேன். பிறகு எருமை என்று நினைத்தேன், இந்தத் தீவில் எருமையே இல்லை. அது ஏறியது, இறங்கியது, நடுவில் விசிலடித்தது. போதகர் பிரசங்கத்தின் உச்சத்தில், "ஆண்டவர் ஆதாமைக் கேட்டார், நீ எங்கே இருக்கிறாய்?" என்று சொல்லிவிட்டு, சபை யோசிக்கட்டும் என்று நிறுத்துவார் இல்லையா? நிறுத்தினார். அந்த மௌனத்தில் அது பதில் சொன்னது, மிக நீளமாக.

யாருடையது என்று என் கையால் எழுதமாட்டேன். ஒரு தங்கை எழுதக்கூடாது. தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது, உனக்கும் தெரியும். இரண்டு வருடமாகத் தெரிந்திருக்கிறது.

கொட்டகையில் என்ன நடந்தது என்று ஹெலீனாவின் கணவன் வந்து சொன்னான். மூலையில் இருந்த ஒருத்தன் மெதுவாக, "அடிக்குரல்னா இதுதான்டா அடிக்குரல். சுருதி சுத்தம்" என்றானாம். அவ்வளவுதான். காவாக் கிண்ணம் கவிழ்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தார்களாம். அதற்குப் பிறகுதான் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "அப்போ இவ்ளோ நாளா ரேடியோல இது ஏன் வரல?" எல்லோரும் யோசித்திருக்கிறார்கள். "செமிசி வெட்டி வெச்சிருக்கான்யா. நம்ம மானம் போகக்கூடாதுன்னு ஆம்பளைங்க பக்கத்தையே வெட்டி வெச்சிருக்கான்."

ஆண்களின் வாயை அடைக்க எழுதியதல்ல. மூக்கை மறைக்க எழுதியது.

என்னிடம் சொல்லக்கூடாததற்குக் காரணம் இதுதானே? தங்கை காதில் அவளுடைய அண்ணனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை விழக்கூடாது என்று. நான்தான் அதை எல்லோர் காதிலும் போட்டேன்.

இன்று காலை விதியைத் திரும்ப எழுதினேன், மூன்றெழுத்தோடு. பழைய ஃபைல்களைப் போட்டுப் பார்த்தேன். பாட்டு முழுசாக வருகிறது. பிரசங்கம் அமைதியாக வருகிறது. நிரல் சரியாகிவிட்டது. அண்ணன் இன்று வேலி ஓரம் வரவில்லை. பன்றி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

என்ன செய்வேன்?

லோசா


ராபின்வேல்
ஆகஸ்ட் 31

என் லோசா,

இந்த முறை நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஏணியிலிருந்தே விழுந்தேன். இடுப்பில் காயம், மனதில் ஆனந்தம்.

மச்சானுக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கே இதைத் தன் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவர் அப்படித்தான். ஆனால் நீ காரணம் கேட்டாய். நான் சொல்லியிருக்க வேண்டும். விளக்கம் எழுதாமல் விதியை மட்டும் எழுதிவிட்டுப் போனவன் நான். நீ அழிக்காமல் வேறென்ன செய்வாய்?

ஆகவே இன்னொரு காரணத்தையும் எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கொட்டகையில் பாடுகிறோம். நம் ஆட்கள், சமோவாக்காரர்கள், வனுவாட்டுக்காரர்கள் எல்லோரும். போன வருடம் முதல் ஞாயிறே ஒரு சமோவா அம்மா என்னை நிறுத்தினாள். "உனக்கு எவன்டா அடிக்குரல்னு சொன்னது? உன் தொண்டையில இருக்கிறது மேல்குரல்" என்று கையைப் பிடித்து அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். பாடினேன். லோசா, சுருதி சேர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக.

மச்சான் வரிசை பிரிக்கிற விதி உனக்குத் தெரியுமே. ஆள் பெரிய உருவமாக இருந்தால், அல்லது அவன் அப்பா அடிக்குரல்காரராக இருந்தால், அடிக்குரல். எனக்கு இரண்டும் பொருந்தியது. பாட்டா என்று என் நிரல் கேட்காததுபோல, தொண்டை எப்படி என்று அவரும் கேட்கவில்லை. அவர் விதியிலும் என் விதியில் இருந்த அதே ஓட்டைதான்.

ஆனால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிறந்துவிட்டு, ஊரில் போய் "எனக்கு மேல்குரல்" என்று எப்படிச் சொல்வது? கொட்டகையில் ஒரு வருடம் சிரிப்பார்கள். அதுதான் இரண்டாவது அறுவடைக்குக் காரணம். வேறு ஒன்றும் இல்லை. நீ எழுதிக்கொண்ட காரணங்களையெல்லாம் கிழித்துப் போடு.

மேஸ்திரி மூன்றாவது அறுவடைக்கும் நீட்டிக்கிறாயா என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமை, எட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லட்டும்?

உன்,
செமிசி


மாத்தாலேவா
செப்டம்பர் 6, புதன்

அன்புள்ள செமிசி,

உன் கடிதத்தை இரண்டு முறை எனக்குள் படித்தேன். மூன்றாவது முறை சத்தமாகப் படித்தேன். பன்றிக்கு.

சனிக்கிழமை அண்ணன் வேலியைச் சரிசெய்கிற சாக்கில் வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. நான் பன்றிக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுக்கொண்டே, சமோவா அம்மா பகுதியிலிருந்து, "அவர் விதியிலும் என் விதியில் இருந்த அதே ஓட்டைதான்" என்பது வரைக்கும் வாசித்தேன். சுத்தியல் சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பாடினார்கள். முன்பைவிடச் சத்தமாக. திங்களன்று ஒலிபரப்பில் அத்தனை பேரும் வந்தார்கள். பிரசங்கத்தின்போது போதகரைத் தவிர யாரும் வரவில்லை. "நேத்து நிம்மதியாத் தூங்கினோம், ரேடியோல நம்ம மானம் பத்திரம்" என்று ஹெலீனாவின் கணவன் கைகூப்பினான்.

இன்று காலை அண்ணன் மறுபடி ஈரப்பலா மரத்தடிக்கு வந்தார். பன்றிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"பன்னி, கேட்டுக்க. ஆள் பெருசா இருந்தா அடிக்குரல்னு எங்கப்பா எனக்குச் சொன்னாரு. நான் எல்லாருக்கும் சொன்னேன். ஒருத்தரும் எதுத்துக் கேக்கல. கேட்டிருக்கலாம்ல?" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேல்குரல் வரிசைல, முன்னாடி, நடுவுல ஒரு எடம் காலியா இருக்கு. பெரிய எடம். பெரிய ஆளுங்களுக்குத்தான் சரியா வரும். யாராச்சும் சிரிச்சா நான் பாத்துக்கறேன். என்னப் பாத்தே சிரிச்சு முடிச்சுட்டாங்க, இனிமே எவன் சிரிக்கப் போறான்?"

எழுந்து போகப் பார்த்தவர் திரும்பி, "உன்ன பிரதிஷ்டை விருந்துக்குக் கேக்கலாம்னு இருந்தேன். மனசு வரல. வேற பன்னி பாத்துட்டேன்" என்றார். "ஆனா நீ கேட்டதையெல்லாம் வெளிய சொன்ன, அப்புறம் அடுப்புதான்."

நான் வாசலுக்கு வந்தேன். அண்ணன் இருக்கும் பக்கம் திரும்பாமல் பன்றியிடமே சொன்னேன்: "அவரு பதினாறாம் தேதி சனிக்கிழமை கப்பல்ல வந்து எறங்குறாரு. பன்னெண்டு நிமிஷப் பாட்டு, ஒரே ராத்திரில பழகிக்கணும். யாராச்சும் சொல்லிக்குடுத்தா நல்லாருக்கும்."

"சொல்லிக்குடுப்பாங்க" என்று மரத்தடியிலிருந்து பதில் வந்தது. பன்றி அப்போது வாய் நிறையத் தேங்காய் வைத்திருந்தது. எனவே அது சொல்லியிருக்க முடியாது.

மேஸ்திரியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். நான் தேதியைப் பன்றியிடம் சொல்லிவிட்டேன், அண்ணன் கேட்டுவிட்டார். இனி மாற்ற முடியாது. அதையே சொல்.

உன்,
லோசா

பின்குறிப்பு: உன் விதிக்கு மேலே ஒரு வரி விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு யாராவது திறந்து பார்த்தால் குழம்பக்கூடாது அல்லவா? "இதை அழிக்க வேண்டாம். காரணம் தெரிய வேண்டுமென்றால் செமிசியைக் கேட்கவும். உள்ளூரில்தான் இருக்கிறார்."